14-வது மாடிக்கு ஏணி வண்டி எட்டுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். வந்த கேள்விகளில் இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டிய விஷயம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நார்த் பீச் பக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"தம்பி, நாங்கள் 14-வது மாடியில் இருக்கிறோம். சமீபத்தில் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்து ஏணி வண்டி வந்தது. ஏணியை முழுசாக நீட்டியும் எங்கள் மாடிக்கு ரொம்பக் கீழேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. விண்வெளிக்கே ராக்கெட் விடுகிறார்கள், 14 மாடிக்கு ஒரு ஏணி செய்ய முடியாதா? இன்னொரு சந்தேகம். அமெரிக்காவில் சில ஏணி வண்டிகளுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து தனியாக ஸ்டியரிங் பிடிக்கிறாரே, அது எதற்கு?"

அக்கா, உங்கள் பயம் நியாயமானது. நான் ஹைட்ராலிக் பட்டறையில் வேலை பார்ப்பவன். ஏணி வண்டிகளும் எங்களிடம் சோதனைக்கு வரும். அதனால் இந்த வண்டிகளை அடியிலிருந்து நுனி வரை தொட்டுப் பார்த்த பழக்கம் உண்டு. முதலில் நேரடி பதிலைச் சொல்லிவிடுகிறேன். 14 மாடிக்கு எட்டும் வண்டி உலகத்தில் இருக்கிறது. 30 மாடிக்கு எட்டுவதும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நகரங்களில் ஓடுவது 30 மீட்டர் வண்டிதான். அது நல்ல இடமாகக் கிடைத்து நின்றால் எட்டு, ஒன்பது மாடி. அதற்கு மேலே இருப்பவர்களைக் காப்பாற்றும் பொறுப்பைச் சட்டம் ஏணியிடமிருந்து எடுத்துக் கட்டடத்திடம் கொடுத்துவிட்டது. இது எப்படி நடந்தது என்பதைப் பழைய கதையிலிருந்து வந்தால்தான் புரியும்.

லண்டனில் தொடங்குவோம். 1833-ல் அங்கே ஒரு தீயணைப்புப் படை உருவானது. அதை நடத்தியவை இன்சூரன்ஸ் கம்பெனிகள். அவர்களுடைய கவலை முதலில் சொத்து. மேல் மாடியில் மாட்டிக்கொண்ட மனிதனை இறக்குவதற்குத் தனியாக ஒரு தர்ம சங்கம் 1836-ல் உருவாயிற்று. பெரிய சக்கரங்கள் வைத்த மர ஏணிகளை இரவு நேரத்தில் தெருமுனைகளில் நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் காவல். எங்காவது தீ என்று சத்தம் கேட்டால் ஏணியைத் தள்ளிக்கொண்டு ஓடுவான். போகிற வழியில் கிடைத்தவர்களும் கை கொடுப்பார்கள். அதாவது தண்ணீர் வண்டி ஒரு நிர்வாகம், ஏணி வேறு நிர்வாகம். 1867-ல்தான் இந்த ஏணிகள் மாநகரத் தீயணைப்புப் படையின் கைக்கு வந்தன. அந்தச் சங்கத்துக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நெகிழும். சம்பந்தமே இல்லாத ஆள் உயிர் பிழைக்க வேண்டும் என்று ஊரார் கொடுத்த காசில் இரவெல்லாம் ஏணிக்குக் காவல் நின்றிருக்கிறார்கள்.

அந்த ஏணிகளுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. சுவரில் சாய்த்துத்தான் நிறுத்த வேண்டும். எரிகிற கட்டடத்தின் சுவரை நம்பி ஏணியைச் சாய்ப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குறையைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியில் உல்ம் நகரத்தைச் சேர்ந்த கொன்ராட் டீட்ரிஷ் மாகிருஸ். தொழிலில் வியாபாரி, ஊரில் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவர். 1864-ல் கம்பெனி தொடங்கி, 1872-ல் எதன் மேலும் சாயாமல் தானாகவே நிற்கும் சக்கர ஏணியைச் செய்தார். 1892-ல் அவருடைய கம்பெனி 25 மீட்டர் ஏணி ஒன்றைச் சுழலும் தட்டின் மேல் ஏற்றி, குதிரை வண்டியில் பூட்டியது. வண்டியை நகர்த்தாமலேயே ஏணியை எந்தப் பக்கமும் திருப்பலாம். இன்றைக்கு டர்பனில் நீங்கள் பார்க்கிற ஏணி வண்டி அந்த வம்சம்தான்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. சான்பிரான்சிஸ்கோ தீயணைப்புப் படையில் டேனியல் ஹேயஸ் என்று ஒரு மெக்கானிக். நீளமான மர ஏணியை வண்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்தி, கிடைமட்டமான திருகுக் கம்பியைச் சில ஆட்கள் கைப்பிடி போட்டுச் சுற்றினால் ஏணி எழும்பும்படி செய்தார். 1868-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பெரிய நகரங்கள் உடனே வாங்கக் கியூவில் நிற்கவில்லை. பின்னால் 1882-ல் லாஃபிரான்ஸ் கம்பெனி அந்தக் காப்புரிமையை வாங்கிய பிறகுதான் அது ஊர் ஊராகப் போயிற்று.

நியூயார்க் தயங்கியதற்கு ஒரு துக்கமான காரணம் உண்டு. ஹேயஸ் ஏணிக்குப் போட்டியாக ஸ்காட்-ஊடா என்று இன்னொரு ஏணி இருந்தது. மரத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகி மேலே ஏற்றிக்கொண்டே போகிற அமைப்பு. 1875 செப்டம்பர் 14 அன்று நியூயார்க்கில் பொதுமக்கள் பார்க்க அதைச் சோதித்தார்கள். வீரர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும்போது ஏணி முறிந்தது. ஓர் அதிகாரி உட்பட மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேல் அந்த நகரம் இப்படிப்பட்ட ஏணி எதையும் வாங்கவில்லை. 1886-ல்தான் ஹேயஸ் ஏணி அங்கே உள்ளே வந்தது.

இந்த இடத்தில் ஏணி ஏன் முறிகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கான பதிலே இதில்தான் இருக்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரமும் நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், பத்து எண்ணுவதற்குள் தோள் விட்டுப்போகும். எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. ஏணி செங்குத்தாக நிற்கும்போது அதன் எடை நேராக வண்டியில் இறங்கும். அதைச் சாய்க்கச் சாய்க்க, நுனியில் நிற்கிற ஆளின் எடை மொத்த வண்டியையும் கவிழ்க்கப் பார்க்கும். இத்தனைக்கும் ஏணி தன் எடையையும் தானே தாங்க வேண்டும். அதனால் இரண்டு மடங்கு உயர ஏணிக்கு இரண்டு மடங்கு இரும்பு போதாது. அடியில் இருக்கிற பகுதி பல மடங்கு கனமாக வேண்டும். அப்போது வண்டி கனமாகும், அச்சுகள் கூடும், பக்கவாட்டில் நீட்டுகிற கால்கள் அகலமாகும். கடைசியில் அப்படி ஒரு வண்டி உங்கள் தெருவுக்குள் திரும்பவே முடியாது.

சரி, கதைக்கு வருவோம். மர ஏணியைக் கையால் தூக்குவதற்கு ஆட்கள் நிறைய வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஃபிரெடெரிக் சீகிரேவ் என்பவர் 1881-ல் டெட்ராய்டில் தொழில் தொடங்கியபோது அவர் செய்தது பழத்தோட்டத்தில் பழம் பறிக்கிற ஏணி. பக்கத்து ஊர்த் தீயணைப்புக்காரர்கள் வந்து எங்களுக்கும் செய்து கொடுங்கள் என்று கேட்க, அதுவே பெரிய கம்பெனியாயிற்று. கனமான ஸ்பிரிங்குகளை அழுத்தி வைத்து, விடுவித்தால் ஏணி தானாகக் கிளம்பும் முறையை அந்தக் கம்பெனி பரப்பியது. நியூ பெட்ஃபோர்ட் ஊரில் டாஹில் என்ற அதிகாரி அழுத்தக் காற்றை வைத்துத் தூக்கினார். மாகிருஸ் கம்பெனிக்காரர்கள் 1904-ல் நீராவியால் இயங்கும் சுழல் ஏணியைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 1931-ல் அமெரிக்காவில் பிர்ஷ் கம்பெனி ஹைட்ராலிக் முறையில் ஒரே ஆள் இயக்கும் 85 அடி ஏணியைக் கொடுத்தது. மரம் போய் உலோகம் வந்ததும் 100 அடி, அதாவது 30 மீட்டர், வழக்கமாகிவிட்டது.

ஹைட்ராலிக் என்றால் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் சொல்கிறேன், இது என் தொழில். எண்ணெய் அழுத்தத்தில் உருளைக்குள் இருக்கும் தண்டு வெளியே வந்து ஏணியை நிமிர்த்துகிறது. நீட்டுவது வேறு. நாலைந்து துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். முதல் துண்டு நகரும்போது அதில் கட்டிய எஃகுக் கயிறு கப்பி வழியாக அடுத்ததை இழுக்கும், அது அதற்கடுத்ததை இழுக்கும். எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் நீளும். சோதனைக்கு வரும்போது அந்தக் கயிற்றைப் பழைய துணியால் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போவோம். ஒரு இழை அறுந்திருந்தால் துணி அங்கே மாட்டும். கண்ணுக்குத் தெரியாதது துணிக்குத் தெரியும். இன்னொன்று, நீட்டி முடித்ததும் ஒரு துண்டின் படியும் அடுத்த துண்டின் படியும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஏறுகிறவரின் கால் இடைவெளியில் சிக்கும். அதைக் காட்டவே இயக்குபவரின் பலகையில் ஒரு விளக்கு வைத்திருப்பார்கள். இருட்டில், புகைக்கு நடுவில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிறவருக்கு அந்த ஒரு விளக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது அந்தப் பின் ஸ்டியரிங். நீளமான மர ஏணியை வண்டியில் படுக்க வைத்தால் வண்டியும் நீளமாகும். தெருமுனையில் திரும்ப முடியாது. அதனால் பின் சக்கரங்களைத் திருப்ப ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். முன்னால் ஓட்டுபவர் வலப்பக்கம் ஒடிக்கும்போது, பின்னால் இருப்பவர் எதிர்ப்பக்கம் ஒடித்து வாலை நடைபாதையில் ஏறவிடாமல் கொண்டுபோவார். குதிரை இழுத்த காலத்திலேயே இது வந்துவிட்டது. பழைய வண்டிகளில் அவருடைய இருக்கையும் ஸ்டியரிங்கும் ஏணிக்கு மேலேயே இருக்கும். தீ நடக்கும் இடத்துக்கு வந்ததும் அவர் முதலில் இறங்கி, இருக்கையைக் கழற்றி விலக்கினால்தான் ஏணி எழும்ப முடியும். மோட்டார் வந்தபோது பல நகரங்கள் இந்த நீள வண்டிகளைத் தூக்கிப் போடவில்லை. குதிரைகளை மட்டும் அவிழ்த்துவிட்டு, முன்னால் ஒரு மோட்டார் டிராக்டரைப் பூட்டினார்கள். நியூயார்க்கில் கடைசித் தீயணைப்புக் குதிரை ஓய்வு பெற்றது 1922 டிசம்பரில். அந்த டிராக்டர்களைச் செய்து விற்றவர்களில் ஒருவர் வால்டர் கிறிஸ்டி. பின்னாளில் சோவியத் டி-34 டாங்கியின் சஸ்பென்ஷன் இவருடைய வடிவமைப்பிலிருந்து வந்ததுதான். சான்பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் இன்றைக்கும் இரட்டை ஸ்டியரிங் வண்டி வைத்திருக்கின்றன. குறுகலான தெருவில் அதைப்போல் வளைந்து போகும் பெரிய வண்டி வேறு கிடையாது.

சான்பிரான்சிஸ்கோவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அங்கே வண்டியில் எடுத்துப்போகும் கை ஏணிகளை இன்னும் மரத்தில்தான் செய்கிறார்கள். 1917-லிருந்து தீயணைப்புப் படைக்கே சொந்தமாக ஏணிப் பட்டறை இருக்கிறது. தெருவெல்லாம் தலைக்கு மேலே மின்கம்பிகள். உலோக ஏணி அதில் பட்டால் பிடித்திருப்பவர் கதி என்ன? நம் ஊர்ப் பழைய தச்சர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

அடுத்து ஸ்நார்க்கல் என்ற கூடை வண்டி. சிகாகோவின் தீயணைப்பு ஆணையர் ராபர்ட் க்வின், மரக்கிளை வெட்டப் பயன்படும் மடக்குக் கை வண்டியைப் பார்த்துவிட்டு, இதில் தண்ணீர்க் குழாய் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1958 அக்டோபரில் முதல் வண்டி வேலைக்கு இறங்கியது. நுனியில் கூடை இருப்பதால் படியில் தொங்காமல் நின்றுகொண்டு வேலை செய்யலாம், ஆளைக் கூடைக்குள் இறக்கிக்கொள்ளலாம். 1964-ல் நியூயார்க்குக்கு மேக் கம்பெனியின் 75 அடி கூடை வண்டி வந்தது. கூடையும் மடக்குக் கையும் வைத்த இந்த வகைதான் வளர்ந்து வளர்ந்து, இன்றைக்குப் பின்லாந்தின் பிரோன்டோ ஸ்கைலிஃப்ட் கம்பெனி 112 மீட்டர் வரை எட்டும் வண்டி விற்கிறது. அதாவது 30 மாடிக்கு மேல். அக்கா கேட்ட உயரம் அங்கே இருக்கிறது.

அப்படியென்றால் டர்பனுக்கும் ஜோகனஸ்பர்க்குக்கும் அதை வாங்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் ஏணி வண்டி என்றால் உயிர். ஆனாலும் நடந்த தீ விபத்துகளை வரிசையாகப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது.

1911 மார்ச் 25, நியூயார்க். டிரயாங்கிள் சட்டைத் தொழிற்சாலை 8, 9, 10-வது மாடிகளில் இருந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடியோடு நின்றுவிட்டது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது ஏணி எட்டவில்லை என்பதைத்தான். ஆனால் ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக்குப் போகும் ஒரு கதவு பூட்டியிருந்தது. அது திறந்திருந்தால் ஏணியே வேண்டியிருக்காது, நடந்தே இறங்கியிருப்பார்கள்.

1958 டிசம்பர் 1, சிகாகோ. ஸ்நார்க்கல் வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ‘அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்’ (Our Lady of the Angels) என்ற பள்ளியில் தீ. 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். அது எத்தனை மாடி தெரியுமா? இரண்டே மாடி. எந்தச் சாதாரண ஏணியும் எட்டும் உயரம். மாடிப்படியை மேல் தளத்திலிருந்து பிரிக்கும் கதவு இல்லாததால், புகை படி வழியாகவே மேலே ஏறி நடைவழியை நிரப்பிவிட்டது. பிள்ளைகள் வகுப்பறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2018 செப்டம்பர் 5, ஜோகனஸ்பர்க் நகர மையத்தில் பேங்க் ஆஃப் லிஸ்பன் கட்டடம். 31 மாடி, தீப்பிடித்தது 23-வது மாடியில். நகரத்தில் இருந்த எந்த ஏணியும் அங்கே எட்டாது. வீரர்கள் உள்ளே ஏறினார்கள். கட்டடத்தில் தண்ணீர் அழுத்தம் சரியாக இல்லை. மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள், ஒருவர் அந்த உயரத்திலிருந்து விழுந்தே போனார். பாதுகாப்பு விதிகளில் 85 சதவீதம் எட்டியிருக்க வேண்டிய கட்டடம் வெறும் 21 சதவீதத்தில் இருந்தது என்று மாகாண அரசே பிறகு சொன்னது. அடுத்த ஆண்டு நவம்பரில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 112 மீட்டர் வண்டி இருந்திருந்தால் அந்த ஜன்னலுக்கு வெளியே போய் நின்றிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் குழாயில் தண்ணீர் இருந்திருந்தால் அந்த மூன்று பேருக்கும் ஆயுதம் கையில் இருந்திருக்கும்.

2023 ஆகஸ்ட் 31, அதே நகரம், மார்ஷல்டவுனில் உசிந்திசோ கட்டடம். ஐந்து மாடிதான். 30 மீட்டர் ஏணி தாராளமாக எட்டும். 70 பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளே அட்டையும் பலகையும் வைத்துத் தடுத்த அறைகள், பூட்டிய கேட்கள், அடைபட்ட வழிகள். 

இந்த விபத்துகள் பலவற்றில் ஏணி எட்டும் உயரத்திலேயே ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சட்டம் எழுதியவர்களும் இதைக் கவனித்தார்கள். ஜெர்மனியில் வழக்கமான ஏணி வண்டியை 23-12 என்று குறிப்பார்கள். 12 மீட்டர் தள்ளி நின்று 23 மீட்டர் உயரம் எட்டும் என்று கணக்கு. அங்கே கட்டடச் சட்டத்தில், ஆள் இருக்கும் தளம் 22 மீட்டரைத் தாண்டினால் அது உயரக் கட்டடம், விதிகள் இறுகும். அமெரிக்காவில் அந்தக் கோடு 75 அடி, சுமார் 23 மீட்டர், அதையும் தீயணைப்பு வண்டி நிற்கும் தரையிலிருந்தே அளக்கிறார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் 30 மீட்டரைத் தாண்டினால் கூடுதல் ஏற்பாடுகள் கட்டாயம். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று இப்போது உங்களுக்கே தெரியும். ஏணி எட்டும் வரை ஏணி, அதற்கு மேலே புகை புகாத படிக்கட்டு, ஒவ்வொரு மாடிக்கும் தண்ணீர் கொண்டுபோகும் ரைசர் குழாய், பம்ப், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. உங்கள் கட்டடத்தில் இவை சரியாக இருந்தால், 14-வது மாடி ஆறாவது மாடியை விட ஆபத்தானது இல்லை.

சென்னைக்காரர்கள் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை நினைத்துக்கொள்வீர்கள். 1959-ல் திறந்த உயரக் கட்டடம், அந்தக் காலத்து அதிசயம். 1975-ல் அதிலும் பெரிய தீ. ஊர் உயரமாக வளர்கிற வேகத்துக்கு ஏணி வளர்வதில்லை என்பது எல்லா ஊருக்கும் பொது.

லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ பற்றியும் கேட்பீர்கள். 2017 ஜூன் 14, 24 மாடி, 72 பேர் இறந்தார்கள். அப்போது லண்டன் படையிடம் இருந்தவை 32 மீட்டர் ஏணிகள். 42 மீட்டர் வண்டி ஒன்று பக்கத்து சர்ரே மாவட்டத்திலிருந்து வர வேண்டியிருந்தது. பிறகு 64 மீட்டர் ஏணிகள் வாங்கினார்கள். வாங்கியது நல்லதுதான், வெளியிலிருந்து சுவரில் தண்ணீர் அடிக்க அது பெரிய உதவி. ஆனால் அந்தத் தீயைக் கட்டடம் முழுக்கக் கொண்டுபோனது சுவரில் ஒட்டிய எரியக்கூடிய உறை. நான் பார்த்தவரை, ஏணி வாங்குவதை அரசியல்வாதிகள் விரும்புகிறார்கள், போட்டோ எடுக்கலாம். ரைசர் பம்பைச் சோதித்ததை யாரும் போட்டோ எடுப்பதில்லை. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

ஏணியின் உயரம் எண்ணில் 30 மீட்டர் இருந்தாலும் கிடைப்பது குறையும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 30 மீட்டர் ஏணி சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்றால் நுனி சுமார் 28 மீட்டர் உயரத்தைத் தொடும். 18 மீட்டர் தள்ளி நின்றால் 24 மீட்டர்தான். ஒன்றரை மாடி போய்விட்டது. கடற்கரைப் பக்கம் பல கட்டடங்களில் கீழே அகலமான கார் பார்க்கிங் மேடை, அதற்கு மேலே பின்னால் தள்ளி கோபுரம். வண்டி தெருவில்தான் நிற்கும், மேடை அதைத் தள்ளியே வைக்கும். அன்றைக்கு ஏணி உங்கள் மாடிக்கு ரொம்பக் கீழே நின்றதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். போதாததற்குக் கடற்காற்று. காற்று வேகம் வரம்பைத் தாண்டினால் உயரமான கூடையை ஏற்றவே கூடாது.

சரி அக்கா, நீங்கள் என்ன செய்யலாம்? ஒரு சாயங்காலம் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு 14 மாடியும் படியில் இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக் கதவு தானாக மூடுகிறதா என்று பாருங்கள். சைக்கிள், பழைய பிரிட்ஜ், செருப்பு அலமாரி எதுவும் வழியில் இருக்கக் கூடாது. திருட்டு பயத்தில் படிக்கட்டுக்குக் கேட் போட்டுப் பூட்டியிருந்தால் அன்றைக்கே குரல் கொடுங்கள். திருட்டு பயம் எனக்கும் தெரியும், இந்த ஊரில் அது இல்லாதவர் யார்? ஆனாலும் உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்க முடியாத கதவு படிக்கட்டில் இருக்கவே கூடாது. வீட்டில் முழங்கால் வலியோடு பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்குத் துணையாக யார் போவது என்பதை இப்போதே பேசி வையுங்கள். தீப்பிடித்தது உங்கள் வீட்டிலேயே என்றால், வெளியே வரும்போது வாசல் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், பூட்ட வேண்டாம். அந்த ஒரு கதவு நடைவழியைப் புகையிலிருந்து வெகு நேரம் காக்கும். லிஃப்டில் ஏறாதீர்கள்.

அடுத்தது பாடி கார்ப்பரேட், அதாவது கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்கள் சங்கக் கூட்டம். லெவி என்கிற பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, பெயிண்ட் என்ன நிறம் என்பதற்கு மணிக்கணக்கில் சண்டை போடுகிறோம். அடுத்த கூட்டத்தில் எழுந்து மூன்று விஷயம் கேளுங்கள். பம்பையும் ரைசர் குழாயையும் கடைசியாகச் சோதித்தது எப்போது? மாடியில் இருக்கும் குழாய் இணைப்புகளின் பித்தளை மூடிகள் இருக்கின்றனவா, யாராவது பழைய இரும்புக் கடைக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களா? பல கட்டடங்களில் வீரர் ஹோஸைக் கொண்டுபோய்ப் பொருத்தப் பார்க்கும்போது அங்கே பித்தளையே இருக்காது. மூன்றாவது, கட்டடத்துக்கு முன்னால் வண்டி நிற்க இடம் இருக்கிறதா? 30 மீட்டர் ஏணி வண்டி சாதாரணமாக 15, 16 டன் எடை. பக்கவாட்டுக் கால்களை நீட்டி ஊன்றவும் இடம் வேண்டும், ஒரு பக்கமாகக் கார் நிறுத்தியிருந்தாலும் வேலை கெடும். உங்கள் முற்றத்துக்கு அடியில் பேஸ்மென்ட் பார்க்கிங் இருந்தால், அந்த கான்கிரீட் தளம் இந்த எடையைத் தாங்குமா என்று கட்டட இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். தாங்கும் என்று வந்தால், வண்டி நிற்க வேண்டிய இடத்தை மஞ்சள் கோடு போட்டு ஒதுக்கி, அங்கே யாரும் கார் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளும்படி செக்யூரிட்டியிடம் சொல்லி வைக்க வேண்டும்.